பொறிக்குள் மூச்சு

அந்தக் கட்டடத்தை இடிக்கப் போவதாக வாசல் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இன்னும் ஏழு வாரம். அதற்குள் அவள் தன் அளவீட்டை முடித்தாக வேண்டும்.

ஒன்பது மணி வெயிலை வாசலில் விட்டுவிட்டுப் படியிறங்கினாள். அடித்தளத்துக்கு முப்பத்திரண்டு படிகள். இறங்க இறங்கத் தெருவின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. முதலில் ஹாரன்கள் நின்றன, பிறகு மனிதக் குரல்கள், கடைசியில் எங்கோ குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தமும் போயிற்று. கீழே வந்து நின்றபோது காதில் பஞ்சை அடைத்தது போலிருந்தது. பழைய எண்ணெய், சூடேறிய ஒயர், ஈரச் சுவர், எல்லாம் கலந்த வாடை.

"வாங்க மேடம். லிஃப்ட் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. நாங்கதான் இன்னும் ஏறி இறங்கிட்டிருக்கோம்."

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் நீல நிற இன்ஹேலர். அங்கே உள்ள வேக்குவம் பம்புகளையெல்லாம் இருபது வருஷமாகக் கவனித்துக்கொள்வதால் எல்லோருக்கும் அவர் 'பம்பு அண்ணே'. அன்று மாலைக்குள் அவளுக்கும் அப்படியே ஆகிவிட்டார்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. லேசர் வேலைக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் சுவர்களுக்குக் கறுப்புப் பூசியிருந்தார்கள். நடுவில் கட்டில் அளவு எஃகு மேசை. அதன்மேல் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஓர் உலோகக் குடுவை. குடுவைக்குள் பென்சில் முனை பருமனில் நாலு கம்பிகள். கம்பிகளில் பாயும் மின்சாரம் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாறும். அந்த இழுபறியின் நடுவே மின்னேற்றம் கொண்ட ஒற்றை அணு ஒன்று எதையும் தொடாமல் அந்தரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். அயனிப் பொறி என்பார்கள்.

"எலிப்பொறின்னா எலி மாட்டும். ஒத்த அணுவைப் புடிக்க இவ்வளவு பெரிய கூத்து. புடிச்சு என்னங்க பண்ணுவீங்க?" என்றார் பம்பு அண்ணே.

"கேள்வி கேப்பேன் அண்ணே."

"பதில் சொல்லுமா?"

"சொல்லும். பொய் சொல்லத் தெரியாது அதுக்கு."

அவள் வேலையே அதுதான். நீல லேசரை அந்த அணுவின்மேல் பாய்ச்சுவாள். நிறம் மிகச் சரியாக அமைந்தால் அணு ஒளிரும். மயிரிழை தப்பினாலும் மங்கிவிடும். எந்த நிறத்துக்கு எவ்வளவு ஒளிர்கிறது என்று வரைந்தால் திரையில் ஒரு கோடு எழும்பும். கோடு ஒல்லியாக வர வேண்டும். தடித்து வந்தால் ஏதோ ஒன்று அணுவை அசைக்கிறது என்று அர்த்தம். ஆறு வருஷமாக ஊர் ஊராகத் தற்காலிக வேலையில் அலைந்தவளுக்கு, அந்த ஒல்லிக் கோடு கிடைத்துவிட்டால் ஒரே இடத்தில் உட்காரலாம். ஐந்து வயது மகளைப் பள்ளி மாற்றாமல் படிக்க வைக்கலாம். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போடுகிற கணவனிடம் "இதுதான் கடைசி தடவைங்க" என்று சொல்லித்தான் இங்கே கூட்டிவந்திருந்தாள்.

கேமராவைப் போட்டாள். கறுப்புத் திரையின் நடுவில் ஒரு சிறு நீலப் புள்ளி.

அவள் இன்னும் அணு எதையும் பிடிக்கவே இல்லை.

"அது உங்களுக்கு முன்னாடி இருந்தவர் புடிச்சது," என்றார் பம்பு அண்ணே, திரையைப் பார்க்காமல். "பதினொரு மாசமா உள்ளேயே இருக்கு. பேட்டரில ஓடுது. அணைக்க யாருக்கும் மனசு வரல."

முன்னாடி இருந்தவர் இறந்துபோனது அவளுக்குத் தெரியும். விபத்து என்று வேலைக்கு அழைத்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குமேல் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

முதல் வாரம் காலை நேரத்தில் மட்டுமே அளந்தாள்; கோடு தடித்தே வந்தது. வியாழக்கிழமை மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றுப்போக்கியைப் பார்த்து, "அண்ணே, இந்த எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு பத்து நிமிஷம் நிறுத்திப் பார்க்கலாமா? இதோட ஆட்டம்தான் மேசைக்கு வருதோன்னு தோணுது," என்றாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எது வேணும்னாலும் கேளுங்க மேடம். அதை மட்டும் கேக்காதீங்க."

பிறகு கதவோரம் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார். முன்னாடி இருந்தவரும் இதையேதான் கேட்டாராம். இவர் ஃபேனை நிறுத்திவிட்டு மேலே போனார். ஒரு ஃபோன் வந்தது, பேச்சு நீண்டுவிட்டது. அறையில் லேசருக்காக வைத்திருந்த திரவ நைட்ரஜன் ஆவியாகி, மூச்சுக்கான காற்றை வெளியே தள்ளிவிட்டு அறையெங்கும் நிறைந்தது. அதற்கு மணமும் இல்லை, புகைச்சலும் இல்லை. எச்சரிக்கை மணியைப் பேட்டரி மாற்றுவதற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். தூக்கம் வந்தவர் மாதிரி மேசையோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"நான் இறங்கி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு," என்றார். இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சினார்.

அவள் அதற்குப் பிறகு ஃபேனைப் பற்றிப் பேசவில்லை. அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டபோது ஃபேன்மேல் குற்றமில்லை என்றும் தெரிந்தது. ஃபேன் வேகமாகச் சுற்றுவது. அணுவை அசைப்பதோ மிக மெதுவான ஒன்று. நாலு நொடிக்கு ஒரு தடவை வந்தது, போனது. தினமும் காலையில்.

மெதுவான ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது சுலபம். அணு உமிழும் ஒவ்வொரு ஒளித்துகளையும் எண்ணுகிற கருவியில் ஒரு சிறு ஒலிபெருக்கியைச் சொருகினாள். ஒவ்வொரு துகளுக்கும் ஒரு 'டிக்'. எல்லாம் சேர்ந்து, கையிலிருந்து காகிதத்தின்மேல் மணல் சரிவது போல ஒரு சரசரப்பு.

விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பதினொன்றேகாலுக்குச் சரசரப்பு ஏறியது. இறங்கியது. சற்று நின்றது. மறுபடி ஏறியது.

ஏறியது. இறங்கியது.

அது என்ன சத்தம் என்று அவள் உடம்புக்கு முதலில் தெரிந்துவிட்டது. தூங்குகிற ஆளின் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்குமே, அது.

மூச்சு.

மெல்ல மெல்ல அது வேகம் பிடித்தது. ஆழம் குறைந்தது. பிறகு தளர்ந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இடைவெளி நீண்டுகொண்டே போனது. பதினொன்று நாற்பதுக்கு நின்றது.

நின்ற மறுகணம் திரையில் கோடு ஒல்லியாக எழும்பியது. அவள் வாழ்நாளில் அவ்வளவு ஒல்லியான கோட்டைப் பார்த்ததில்லை. மாலைவரை அப்படியே நின்றது.

மறுநாளும் அதே பதினொன்றேகால். அதே பதினொன்று நாற்பது. அதற்கப்புறம் அதே அழகான கோடு.

மூன்றாம் நாள் பம்பு அண்ணேவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இருட்டில் ஒலிபெருக்கி மட்டும் மூச்சுவிட்டது. ஐந்து நிமிடம் கேட்டிருப்பார். நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசில ரெண்டு தடவை விக்கும் பாருங்க," என்றார் கிசுகிசுப்பாக.

ஒலிபெருக்கி ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. ஓய்ந்தது.

அவள் விளக்கைப் போட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"முடிஞ்சதுக்கப்புறம் வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். போலீஸ்கிட்ட, அவர் சம்சாரத்துக்கிட்ட. பொய்ம்மா." மேடம் எப்போது 'ம்மா' ஆயிற்று என்று இருவருக்குமே தெரியவில்லை. "நான் வந்தப்ப உயிர் இருந்துச்சு. கதவுகிட்ட நின்னேன். உள்ள போனா நானும் விழுந்துருவேன்னு தெரியும். எனக்கு ஏற்கெனவே இழுப்பு. ஃபேனைப் போட்டுட்டு நின்னுக்கிட்டே இருந்தேன். இந்த ரெண்டு விக்கலையும் நின்ன இடத்துலேருந்து கேட்டேன்."

திரையிலிருந்த நீலப் புள்ளியைக் கைகாட்டினார்.

"அந்த அணுவை விட்டுடும்மா. ஒரு சுவிட்சுதானே? போகட்டும், பாவம்."

அவள் திரையைப் பார்த்தாள். ஒல்லிக் கோடு ஊசி மாதிரி நின்றது. இந்த அணுவை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தால் இந்தக் கோடு வருமா?

"இன்னும் ஒரு வாரம் அண்ணே. அளந்து முடிச்சதும் நானே அணைச்சிடறேன்."

அவர் அதற்குமேல் கெஞ்சவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை அந்த மூச்சோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது.

முதலில் கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தாள். காதைக் கிட்டே வைத்தபோது தெரிந்தது. பழைய மூச்சு அதன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. அதற்குள்ளே, சற்றுப் பின்தங்கி, வேறொன்று. ஒவ்வொரு ஏற்றத்தின் நுனியிலும் மெல்லிய ஒரு விசில். பதினொன்று நாற்பதுக்குப் பழையது நின்ற பிறகும் அது நிற்கவில்லை. மாலையில் அவள் கதவைப் பூட்டும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.

பம்பு அண்ணே வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவர் நெஞ்சும் அந்த விசிலும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன.

"அது என்னோடது," என்றார்.

"அண்ணே, அப்படியெல்லாம்..."

"நாப்பது வருஷமா ராத்திரி படுத்தா கேக்கறேன்மா. என் இழுப்பு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எட்டு மணி நேரப் பயண தூரத்திலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து, "அணைச்சிடும்மா" என்றார். "அணைக்கிறேன் அண்ணே" என்றாள். அந்தச் சமயத்தில் உண்மையாகத்தான் சொன்னாள்.

ஆனால் அணைக்கவில்லை. எண்பது அளவு எடுத்தாயிற்று, இன்னும் இருபது எடுத்தால் முடிந்தது என்றிருந்தது. ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வேலை செய்தாள். சத்தம் இல்லாவிட்டால் அது வெறும் ஆட்டம்தான், கணக்கில் கழித்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பம்பு அண்ணே தினமும் மாலையில் ஃபோன் செய்தார். நலமாக இருக்கிறார், தங்கை வீட்டில் நல்ல காற்று, இழுப்புக்கூடக் குறைந்திருக்கிறது என்றார். "அணைச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். "ஆச்சு அண்ணே" என்று சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

அந்த விசில் சேர்ந்த ஒன்பதாம் நாள் அவளுக்கு மனம் கேட்கவில்லை. ஒயரைச் சொருகினாள். மணி பதினொன்று முப்பத்தாறு.

இரண்டு மூச்சும் தளர்ந்துகொண்டிருந்தன.

இரண்டாவதில் விசில் இல்லை. சுத்தமான, இழுப்பே இல்லாத மூச்சு. நோய் தீர்ந்த மனிதன் விடுவது போல.

பதினொன்று நாற்பதுக்கு இரண்டும் ஒன்றாக நின்றன.

மதியம் அவர் தங்கை ஃபோன் செய்தாள். "அண்ணன் ஜன்னல் பக்கம் உக்காந்து பேசிட்டிருந்தாருங்க. நல்லாத்தான் இருந்தாரு. பேச்சு நடுவுல மூச்சை விட்டாரு. திருப்பி இழுக்கவே இல்லைங்க. உங்க நம்பரை எழுதி வச்சிருந்தாரு. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவள் ஃபோனை வைத்தாள்.

அன்று முழுவதும் அழுதாள். மறுநாள் அணைப்பதற்கென்றே போனாள். முப்பத்திரண்டு படிகளையும் ஓடியே இறங்கினாள். மணி பதினொன்று இருபது. விளக்கைப் போட்டு, நேராகப் பொறியின் சுவிட்சில் கை வைத்தாள்.

முந்தின நாள் ஒலிபெருக்கியைப் பிடுங்காமல் போயிருக்கிறாள். அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மூச்சு.

மூன்றாவது வேகமானது, சின்னது. அவள் முதலில் தன்னுடையதென்றே நினைத்தாள். ஓடிவந்த மூச்சிரைப்பு. ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. செய்ததற்குத் தன் கணக்கு தீரட்டும் என்று தோன்றியது. வாயைப் பொத்திக்கொண்டு மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அது நிற்கவில்லை.

சின்ன மூச்சு. மூக்கடைப்பு உள்ள மூச்சு. இரண்டு மூச்சுக்கு ஒரு தடவை தொண்டையில் 'க்ர்' என்று ஒரு கரகரப்பு.

வீட்டுக்கு ஃபோன் செய்தாள்.

"என்னங்க, குட்டி எங்க?"

"காலைலேருந்து லேசாக் காய்ச்சல். ஸ்கூலுக்கு அனுப்பல. தூங்கறா. ஏன், என்ன ஆச்சு உனக்கு?"

"ஃபோனை அவ மூக்குகிட்ட வைங்க."

"என்னது?"

"வைங்கன்னு சொல்றேன்ல!"

சரசரவென்று போர்வை விலகும் சத்தம். பிறகு மகளின் மூச்சு. ஒரு காதில் ஃபோன். மறு காதில் ஒலிபெருக்கி.

இரண்டும் ஒன்றேதான்.

'க்ர்' என்ற கரகரப்பும் ஒரே நொடியில்.

சுவிட்சை இறக்கினாள். பேட்டரியைப் பிடுங்கினாள். லேசர், கேமரா, எண்ணும் கருவி என்று கைக்கு அகப்பட்ட ஒயரையெல்லாம் இழுத்தாள். திரையில் நீலப் புள்ளி ஒரு கணம் துடித்து இல்லாமல் போயிற்று. ஒலிபெருக்கி அடங்கியது. ஃபேன்கூட நின்றுவிட்டது. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை.

"குட்டி? குட்டி எப்படி இருக்கா?"

"தூங்கறாப்பா, நல்லாத்தான் இருக்கா," என்றான் கணவன். சற்றுத் தயங்கினான். "உன் பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"மூச்சு சத்தம் கேக்குதே. ரெண்டு மூணு பேர் இருப்பாங்க போல."

அவள் எப்படி மேலே வந்தாள், எப்படி வீடு சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு அவள் அங்கே போகவே இல்லை. வேலை போயிற்று. நூறு அளவுகள் இருந்த கணினியை யாரோ எடுத்துப் போனார்கள், அவள் கேட்கவில்லை. மகளின் காய்ச்சல் இரண்டே நாளில் இறங்கியது. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான் என்று டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அண்ணேவுக்கு ஒன்பது நாள் என்று மட்டும் மனதில் எண்ணிக்கொண்டிருந்தாள். கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாதி நம்பினான். மீதிப் பாதிக்காக, அவளை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகலாமா என்று பக்குவமாகக் கேட்டான்.

ஒன்பதாம் நாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தாள். கூடத்தில் வெயில் கொட்டிக் கிடந்தது. மகள் தரையில் குப்புறப் படுத்துக் கிரேயானால் ஒரு யானைக்கு ஆறு கால் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து கடிகாரத்தையும் மகளின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பதினொன்று முப்பத்தெட்டு.

பதினொன்று முப்பத்தொன்பது.

பதினொன்று நாற்பது.

முதுகு ஏறி இறங்கியது. மகள் யானைக்கு ஏழாவது கால் போட்டாள்.

பதினொன்று நாற்பத்தைந்து. ஐம்பது. பன்னிரண்டு.

மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "விடும்மா, யானை கசங்குது" என்று மகள் சிணுங்கினாள். கணவன் வேலை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான்தான் சொன்னேனே. போ, முகத்தைக் கழுவிட்டு வா. நான் சாப்பாடு எடுத்து..." என்றவன், பாதியில் நிறுத்திவிட்டான்.

ஏன் நிறுத்தினான் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நெஞ்சுக்கூடு அப்படியே நின்றிருந்தது. வலி இல்லை, அடைப்பு இல்லை. காற்றை இழுக்க வேண்டும் என்று நினைக்கிறாள். நெஞ்சுக்கு அது கேட்கவில்லை.

மடியில் மகளும் அசைவில்லாமல் இருந்தாள்.

பிறகு மகள் மூச்சை இழுத்தாள். அதே நொடியில் அவள் நெஞ்சும் விரிந்தது. கதவோரம் நின்றவனும் சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்தான்.

மூன்று பேரும் ஒன்றாக விட்டார்கள். ஒன்றாக இழுத்தார்கள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் முகத்தில் இப்போது பாதி நம்பிக்கை இல்லை, முழுசாக நம்பிவிட்டிருந்தான்.

"உனக்கும்...?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காற்று இருந்தது.

மகள் ஒன்றும் அறியாமல் மடியிலிருந்து நழுவி, யானையின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது. முதுகு ஏறியது, இறங்கியது, நின்றது.

அவர்கள் மூச்சும் நின்றது.

இந்தத் தடவை முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.